மாதத்தில் நான்கு முறை

(திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வங்கிப் பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் உழைப்பாளி மக்களிடையே குறைந்து வருகிறது. அச்சிட்டு வாங்குபவர்களிலும் பலர் கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இடையில் உள்ள வரிகளில் 17.70 என்ற எண் இருக்கக்கூடும். அது 15 ரூபாய் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகை. ஒருவர் தமது சொந்தப் பணத்தை ஒரே மாதத்தில் ஐந்தாவது முறையாக எடுத்ததற்கு ஸ்டேட் வங்கி வசூலித்த சுங்கம் அது. கோடிக்கணக்கான ஏழைகளின் பாஸ்புக்குகளில் இந்த எண் அச்சாகியிருக்கிறது. வங்கி ஊழியர் சங்கத் தோழர்களும் சில ஆய்வாளர்களும் எழுப்பிய குரல்களைத் தவிர, பல ஆண்டுகள் இது பொது விவாதத்துக்கே வரவில்லை.

சேமிப்புக் கணக்கில் பணத்தை எடுப்பதற்கு வரம்பு என்பது எங்கிருந்து வந்தது? வரையறையிலிருந்தே வந்தது. நடப்புக் கணக்கில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்குக்கு வட்டி உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை முறை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டது என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறையே கூறுகிறது. அதாவது இது ஒரு பேரம். கணக்கு வைத்திருப்பவர் பணத்தை அடிக்கடி தொடாமல் இருப்பார். அதைக் கடனாகக் கொடுத்து லாபம் ஈட்டும் வங்கி, அந்தப் பொறுமைக்கு ஈடாக வட்டி கொடுக்கும்.

அமெரிக்காவிலும் இதே பேரம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 'ரெகுலேஷன் டி' என்ற விதியின்படி, சேமிப்புக் கணக்கிலிருந்து மாதத்துக்கு 6 பரிமாற்றங்கள்தான் செய்யலாம். ஆயினும் அந்த ஆறு என்ற எண்ணிக்கை காசோலை, தொலைபேசி, இணையம் வழியான மாற்றங்களுக்குத்தான் பொருந்தியது. வங்கிக்கு நேரில் சென்று ரொக்கமாக எடுப்பதும் ஏடிஎம்மில் எடுப்பதும் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2020 மார்ச்சில் வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பு விகிதம் பூஜ்யமாக்கப்பட்டது. விதியை வைத்திருந்ததற்கான காரணமே இல்லாமல் போனதால், ஏப்ரல் 24 அன்று அந்த வரம்பை விலக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. முதலாளித்துவத்தின் தலைமையிடத்தில்கூட, கவுண்டருக்கு வந்து நிற்பவரின் கையைத் தடுக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஏழையின் கணக்குக்கு வைத்த வரம்போ கவுண்டரில் நீளும் அந்தக் கையின்மீதுதான் விழுந்தது.

'அதிகபட்சம்' என்ற ஒரு சொல்

2012 ஆகஸ்டு 10 அன்று ரிசர்வ் வங்கி 'அடிப்படைச் சேமிப்பு வங்கி வைப்புக் கணக்கு' என்ற ஒன்றை அறிவித்தது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ஏடிஎம் அட்டை இலவசம். பணம் போடுவதற்கு வரம்பில்லை. எடுப்பதற்கு மட்டும், ஏடிஎம் உட்பட, மாதத்துக்கு அதிகபட்சம் நான்கு முறை. 2014 ஆகஸ்டு 28 அன்று பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட ஜன்தன் திட்டத்தின் கணக்குகளும் இந்த வகையில்தான் அடங்குகின்றன. நூறு நாள் வேலையின் கூலி, எரிவாயு மானியம், ஓய்வூதியம் எல்லாம் இந்தக் கணக்குகளுக்கே வருகின்றன.

ஐந்தாவது முறை பணம் எடுக்க வந்தவரை வங்கிகள் என்ன செய்தன? சில வங்கிகள் மாதம் முடியும்வரை கணக்கை முடக்கின. சில, வாடிக்கையாளரைக் கேளாமலே அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றின. அப்படி மாற்றியதும் குறைந்தபட்ச இருப்பு விதி வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றவை கட்டணம் பிடித்தன. மும்பை ஐஐடியின் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டார். அவற்றின்படி 2015 முதல் 2020 வரை ஏறத்தாழ 12 கோடி அடிப்படைக் கணக்குகளிலிருந்து ஸ்டேட் வங்கி மட்டும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்திருக்கிறது. 2019-20 ஆம் ஒரே ஆண்டில் 158 கோடி.

இதில் மிகக் கொடிய பகுதி ரொக்கத்தைப் பற்றியதன்று. யுபிஐ வழியாகவும் ரூபே அட்டை வழியாகவும் நடந்த சிறு பரிவர்த்தனைகளும் 'எடுத்தல்' என்றே கணக்கிடப்பட்டன. ஒருபுறம் ரொக்கமில்லாப் பொருளாதாரத்துக்கு மாறுங்கள் என்று ஒன்றிய அரசு தெருத்தெருவாக விளம்பரம் செய்தது. மறுபுறம், அதை நம்பி 40 ரூபாய்க்கு யுபிஐயில் பணம் அனுப்பிய தொழிலாளியிடம், அது அந்த மாதத்தின் ஐந்தாவது பற்று என்பதால் 17.70 பிடிக்கப்பட்டது. 2020 ஜனவரி 1க்குப் பின் பிடித்ததைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆஷிஷ் தாஸின் கணக்குப்படி, 2017 ஏப்ரல் முதல் இவ்வகையில் பிடித்த 254 கோடியில் 90 கோடி திரும்பியது. 164 கோடி திரும்பவில்லை. 2020க்கு முந்தையதைத் திருப்பத் தேவையில்லை என்பது வங்கியின் நிலைபாடு. சட்டத்தின் தேதிக்கு முன்பு எடுத்தது என்பதால் அது நியாயமாக எடுத்தது ஆகிவிடுமா என்பது வேறு கேள்வி.

2019 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியது. 'அதிகபட்சம் நான்கு' என்றிருந்தது 'குறைந்தபட்சம் நான்கு' என்று மாறியது. ஒரு சொல்தான் மாறியது. அதன் பொருளோ நேர் எதிர். நான்குக்குக் குறையாமல் கொடு, விரும்பினால் நாற்பதும் கொடு என்று வங்கிகளிடம் கூறப்பட்டது. வங்கிகள் நான்கிலேயே நின்றன. 2021 ஜூலை 1 முதல் ஸ்டேட் வங்கி நடைமுறைப்படுத்திய பட்டியலிலும் நான்குக்கு மேல் ஒவ்வொரு ரொக்க எடுப்புக்கும், கிளையானாலும் ஏடிஎம் ஆனாலும், 15 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றே இருந்தது.

'ஏழைகளுக்கு மாதத்தில் நான்கு முறைக்கு மேல் என்ன வேலை?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், ஏழைக்குத்தான் அதிக முறை தேவைப்படுகிறது. கையில் மொத்தமாகப் பணம் வைத்துக்கொள்ளப் பூட்டுள்ள அலமாரி இல்லை. வைத்தால் கடன்காரரோ வீட்டில் உள்ளவரோ கேட்டு வாங்கிவிடுவார்கள். அரிசி, மருந்து, பள்ளிச் செலவு என்று தேவைக்கேற்ப 200, 300 என எடுக்கிறார்கள். 200 ரூபாய் எடுக்க 17.70 கொடுத்தால் அது ஏறத்தாழ 9 சதவீதம். வட்டிப் பக்கத்தையும் பாருங்கள். ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2025 ஜூன் முதல் ஆண்டுக்கு 2.5 சதவீதம். ஆண்டு முழுதும் சராசரியாக 2000 ரூபாய் வைத்திருந்தால் வட்டி 50 ரூபாய். ஆண்டில் மூன்று முறை வரம்பைத் தாண்டினால் 53 ரூபாய் 10 காசு போய்விடும். பொறுமைக்கு ஈடாக வட்டி என்ற பேரம் இந்த இடத்தில் முற்றிலும் கவிழ்ந்துவிடுகிறது. கணக்கு வைத்திருப்பவர் வங்கிக்குக் கடன் கொடுத்து, அதற்குக் கட்டணமும் செலுத்துகிறார்.

வசதியுள்ளவருக்கும் வரம்பு உண்டு என்று வாதிடலாம். உண்டுதான். வருமான வரிச் சட்டப்படி, ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்பவர் ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்தால் 2 சதவீதம் பிடித்தம் செய்யப்படும். அதையும் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

திருவிதாங்கூர் வங்கி மறைந்த நாளில்

திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்டிருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், 1945இல் திருவிதாங்கூர் வங்கியாகத் தோன்றியது. கேரளத்தின் கிராமங்கள் வரை மட்டுமின்றி, நாகர்கோவில் போன்ற தமிழ்ப் பகுதிகளிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அதை ஸ்டேட் வங்கியுடன் இணைப்பதை எதிர்த்துக் கேரள சட்டமன்றம் 2016இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு பொருட்படுத்தவில்லை. 2017 ஏப்ரல் 1 அன்று இணைப்பு நடந்தது. அதே நாளில்தான் ஸ்டேட் வங்கி குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதங்களில் அந்த அபராதமாக வசூலித்தது 1,771 கோடி. இடையில் ஒரு காலாண்டில் அந்த வங்கியின் மொத்த லாபமே 1,581 கோடிதான். எதிர்ப்பு வலுத்து அபராதத் தொகை குறைந்து, கடைசியில் 2020 மார்ச்சில் அது கைவிடப்பட்டது.

2017 மே மாதத்தில் மற்றொன்றும் நடந்தது. ஒவ்வொரு ஏடிஎம் எடுப்புக்கும் 25 ரூபாய் என்று பொருள்படும் சுற்றறிக்கை வெளியானது. கேரளத்தில் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, அது கைபேசிப் பணப்பை வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே என்று வங்கி விளக்கம் கொடுத்தது. எழுத்துப் பிழையா, ஆழம் பார்த்தலா என்பதைத் தோழர்களின் ஊகத்துக்கு விட்டுவிடலாம்.

சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்குத் தனி வரம்பு உண்டு. சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் 5 முறை. பிற வங்கிகளின் ஏடிஎம்களில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் 3, திருவனந்தபுரம் போன்ற மற்ற ஊர்களில் 5. இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. தாண்டினால் 2025 மே 1 முதல் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை, வரி தனி. 2018க்குப் பின் ஐந்தாண்டுகளில் கூடுதல் ஏடிஎம் பரிவர்த்தனைக் கட்டணமாக மட்டும் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 8 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக ஒன்றிய அரசே 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் தெரிவித்தது.

முழுமையான அடையாள ஆவணங்கள் இல்லாமல் தொடங்கப்படும் 'சிறு கணக்கு' இன்னொரு வகை. அதில் மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவோ அனுப்பவோ முடியாது. இருப்பு 50,000ஐயும், ஆண்டு வரவு 1 லட்சத்தையும் தாண்டக்கூடாது. இந்த வரம்புகள் கறுப்புப் பண வெளுப்பைத் தடுப்பதற்கான விதிகளில் உள்ளவை. கேரளத்தில் கட்டுமானப் பணி செய்யும் தொழிலாளியின் நாட்கூலியைக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 1 லட்சம் என்பது சில மாதங்களிலேயே தாண்டிவிடும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் கணக்கு நிற்கும். ஆவணத்தைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொண்டால் தீரும் சிக்கல் இது; அதைச் சொல்ல ஆளில்லை என்பதுதான் துயரம்.

பேக்கரி ஜங்ஷனில் ஒரு நாள்

இதுவரை கூறியவை கட்டணத்தின் வழியான வரம்புகள். நேரடியான தடையை நாடு 2016 நவம்பர் 8க்குப் பின் கண்டது. ஒரு சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். நவம்பர் 14 அன்று மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. கேரளத்தில் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் வெறும் கடன் சங்கங்கள் அல்ல; தேங்காய் விற்ற காசு, ரப்பர் பால் காசு, குடும்பஸ்ரீ பெண்களின் சேமிப்பு எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அந்தச் சங்கங்கள் தம் பணத்தை மாவட்ட வங்கியில் வைத்திருந்தன. ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கத்தையும் தனிநபர் வாடிக்கையாளராகவே கருதி, வாரத்துக்கு 24,000 என்று நிறுத்தினார்கள். ஆயிரம் பேர் வரிசையில் நின்றால் தலைக்கு 24 ரூபாய்.

நவம்பர் 18 அன்று முதலமைச்சர் பினராயி விஜயனும் அமைச்சர்களும் திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷனில் உள்ள ரிசர்வ் வங்கி மண்டல அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் இருந்தனர். ஒரு மாநில அரசே மத்திய வங்கியின் வாசலில் உட்கார்ந்து, மக்களின் சேமிப்பை மக்களிடம் கொடு என்று கேட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் கருவூலங்களின் முன் காத்திருந்தபோது, கேட்ட அளவு ரொக்கம் வந்து சேரவில்லை.

அந்நாட்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட ஆணை ஒன்று உண்டு. நவம்பர் இறுதியில், ஜன்தன் கணக்குகளுக்கு மட்டும் தனி வரம்பு வந்தது: முழு ஆவணம் கொடுத்தவருக்கு மாதத்துக்கு 10,000, கொடாதவருக்கு 5,000. மற்ற கணக்குகளுக்கு வாரத்துக்கு 24,000, அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். ஏழையின் கணக்குக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. அப்பாவி விவசாயிகளைப் பணமோசடியாளர்களிடமிருந்து காப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. காப்பாற்றுவதற்காக அவர்களுடைய பணத்தையே பூட்டினார்கள். 2017 மார்ச் 13 அன்று எல்லா வரம்புகளும் நீங்கின. செல்லாதவையாக்கிய நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை பின்னர் ஒப்புக்கொண்டது.

உலகெங்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 2001 டிசம்பரில் அர்ஜென்டினா வாரத்துக்கு 250 பெசோ என்று நிறுத்தியது. மூன்று வாரத்துக்குள் மக்கள் எழுச்சியில் அதன் அதிபர் பதவி விலகினார். 2015இல் கிரேக்கத்தில் நாளுக்கு 60 யூரோ. இந்தியாவில் 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதத்துக்கு 50,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் அந்த வங்கியின் வைப்புத் தொகை 2 லட்சம் கோடிக்கு மேலிருந்து 1.37 லட்சம் கோடியாகக் குறைந்திருந்தது. விவரம் தெரிந்த பெரிய பணம் முன்னதாகவே வெளியேறிவிட்டது. கதவை மூடும்போது உள்ளே இருந்தவர் பெரும்பாலும் சம்பளக்காரரும் சிறு சேமிப்பாளரும்தான்.

கூட்டுறவைக் காத்தல் என்பதன் பொருள்

இவ்வளவும் கூறிவிட்டுக் கேரளத்தின் கூட்டுறவுத் துறையில் நடந்ததைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. திருச்சூர் மாவட்டம் கருவன்னூரில் 2021இல் வெளிவந்த முறைகேடுகளுக்குப் பின், மகளின் திருமணத்துக்கும் சிகிச்சைக்கும் போட்டுவைத்த பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் அலைந்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கண்டலாக் கூட்டுறவு வங்கியில் அதே நிலை. ஒன்றிய அரசின் முகமைகள் இவற்றை அரசியலுக்குப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லி, வாசலில் நிற்கும் வைப்பாளரை அனுப்பிவிட முடியாது. தொடக்கச் சங்கங்களின் வைப்புகளுக்கு, வணிக வங்கிகளுக்கும் கேரள வங்கிக்கும் உள்ள 5 லட்சம் ரூபாய் வைப்புக் காப்பீடு பொருந்தாது. மாநிலத்தின் உத்தரவாத நிதிதான் துணை. ஆகவே நிர்வாகக் குழுவில் இருக்கும் கட்சி உறுப்பினரின் நேர்மையும், உரிய காலத்தில் நடக்கும் தணிக்கையும்தான் அங்கே முதல் காப்பு. 2016இல் பேக்கரி ஜங்ஷனில் கேட்ட உரிமையைக் கண்டலாவில் வரிசையில் நிற்பவரும் கேட்கிறார்.

கிளைகள் உடனே செய்யக்கூடியவை

2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அடிப்படைக் கணக்கு விதிகளை மீண்டும் திருத்தியது. அவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. மாதத்தில் குறைந்தபட்சம் நான்கு இலவச எடுப்பு என்பது தொடர்கிறது. யுபிஐ, நெஃப்ட், கடையில் அட்டை தேய்த்தல் போன்ற டிஜிட்டல் பரிவர்த்தனைகள் இந்த நான்கில் சேரா என்று இப்போது தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 25 தாள் கொண்ட காசோலைப் புத்தகம் இலவசம். இந்த வெற்றி தானாக வந்ததன்று. ஆயினும் ரொக்கத்தை நம்பி வாழ்பவருக்கு நான்கு என்ற எண் அப்படியே நிற்கிறது. ஐந்தாவது எடுப்பும் கட்டணமின்றி வேண்டும் என்ற கோரிக்கையும் நிற்கிறது.

சாலை சந்தையில் சுமை தூக்குபவர்கள், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாள்தோறும் வேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரில் பலருக்குத் தம்முடைய கணக்கு எந்த வகை என்றே தெரியாது. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கொடுத்து அதை அடிப்படைக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு அடிப்படைக் கணக்குத்தான் இருக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதச் சமூகநல ஓய்வூதியம் 2025 நவம்பரில் 2000 ரூபாயாக உயர்ந்தது. அதை வங்கி வழியாகப் பெறும் முதியவரிடம், முடிந்தால் இரண்டு முறையில் எடுத்துக்கொள்ளும்படியும், இருப்பைப் பார்க்க ஏடிஎம்முக்குப் போவதற்குப் பதில் பாஸ்புக்கை அச்சிடும்படியும் சொல்லலாம்.

பாஸ்புக்கில் சந்தேகமான பிடித்தம் இருந்தால் முதலில் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்க வேண்டும். வாய்மொழிப் புகாருக்குத் தடயம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. கேரளக் கிளைகளில் அறிவிப்புப் பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தொழிலாளி அங்கே தயங்கி நிற்பார். ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். புகாரை எழுதித் தருவதற்கும், அவருடன் கவுண்டர்வரை செல்வதற்கும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு தோழர் பொறுப்பேற்றால் போதும்.